தென்கடல் சொகுசுக் கப்பல்: வெண்ணந்தூர் டூர் பஸ்ஸை முன்வைத்து ஓர் ஆய்வு

சொகுசுக் கப்பல் பயணத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் கடல் வரலாற்றுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். 1844-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து பி அண்ட் ஓ நிறுவனம் ஊர் பார்க்கப் போகிறவர்களை மத்தியதரைக் கடலுக்கு ஏற்றிச் சென்றது, ஆகவே அவர்களே முன்னோடிகள் என்பது ஒரு கட்சி. உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் கப்பல் 1900-இல் ஜெர்மனியில் நீரில் இறங்கிய ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’, ஆகவே அதைக் கட்டச் சொன்ன ஆல்பர்ட் பாலினுக்கே பெருமை என்பது மறு கட்சி. அந்தக் கப்பல் 1906-இல் ஜமைக்கா கரையோரம் தரைதட்டி உருப்படாமல் போனதால், இரண்டாம் கட்சியார் கொஞ்சம் அடக்கியே வாசிக்கிறார்கள்.

மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது. அதைத் தேடி நாமக்கல் மாவட்டம், இராசிபுரம் வட்டம் வரைக்கும் வரவேண்டும்.

வெண்ணந்தூர் விசைத்தறிச் சத்தம் ஓயாத பேரூராட்சி. பக்கத்தில் அலவாய்மலை நிற்கிறது. ஊரில் சொல்லிக்கொள்ளும்படியான நீர்ப்பரப்பு ஏரி ஒன்றுதான், அதுவும் மழை மனசு வைத்தால். எந்தத் திசையில் நேர்கோடு போட்டாலும் 175 கிலோமீட்டருக்குக் குறையாமல் போனால்தான் உப்புத் தண்ணீர் காலில் படும். இந்தத் தூரத்தைக் குறையாக எண்ணுவது தவறு. இவ்வாய்வின் கருதுகோளே அதில்தான் நிற்கிறது: கடலைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள்தான் கடற்பயணத்துக்கு இலக்கணம் வகுக்க முடியும். கரையோரத்து மீனவர் விடியற்காலையில் கடலுக்குப் போவது வேலை. அதற்கு எந்த ஊரிலும் டிக்கெட் போடுவதில்லை.

அதோடு சாலையையும் கவனிக்க வேண்டும். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இராசிபுரத்துப் பக்கம் ஆண்டகளூர் கேட் வழியாகத்தான் போகிறது. அங்கே ஏறித் திரும்பாமல் தெற்கே போனால் துணைக்கண்டத்தின் நுனி. கடல் இல்லாத ஊருக்கு வீட்டு வாசலிலிருந்தே கடலுக்குத் தடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அதில் எதுவும் உள்நோக்கம் இல்லையென்று எந்த ஆய்வாளரும் சொல்லத் துணியமாட்டார்.

முதன்மைச் சான்று டூர் பஸ். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வேளாங்கண்ணி, நாகூர், இராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று தென்கரையை வளைத்துக்கொண்டு வருகிற பஸ். பொழுது சாய்ந்த பிறகு புறப்படும். முன் கண்ணாடிக்கு மேல் பேனர், பம்பருக்கு மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மேலே தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு அண்டா, ஒரு இட்லிக் குண்டான், சாரணி, ஆளுயரக் கரண்டி, அரிசி மூட்டை, காய்கறிச் சாக்கு. கடைசி வரிசையில் சமையல்காரர், அவர் காலடியில் புளிக்காய்ச்சல் டப்பா. அந்த டப்பாவை யாரும் தாண்டக்கூடாது. இது எழுதப்படாத சட்டம், ஆனால் மீறியவர் இல்லை.

இனி ஒப்பீட்டுக்கு ஒரு கப்பல் வேண்டும். தமிழ்நாட்டுக்காரர் அதிகம் அறிந்தது கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 211 மீட்டர் நீளம். பிரான்சின் சாந் நசேர் பட்டறையில் கட்டி 1990-இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கியது, பிறகு கை மாறிப் பெயர் மாறிப் பெயின்ட் மாறி இந்தியாவுக்கு வந்தது. டூர் பஸ்ஸின் வரலாறும் இதுவே. கரூரில் பாடி கட்டி, ஒரு கம்பெனி பெயரில் நான்கு வருஷம் ஓடி, விற்று, பக்கவாட்டில் வேறு பெயர் எழுதி, பழைய பெயர் வெயிலில் மங்கலாகத் தெரிய மறுபடி ஓடும். சாந் நசேருக்கும் கரூருக்கும் உள்ள வேறுபாடு அமராவதி ஆற்றில் கப்பல் இறக்கமுடியாது என்பது மட்டும்தான்.

வேகத்தில் பஸ் முந்துகிறது. இந்த ரகக் கப்பல் மணிக்கு 19 கடல்மைல் போனால் பெரிது, அதாவது ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வெண்ணந்தூர் டிரைவர் அந்த வேகத்தில் ஓட்டினால் பின்னாலிருந்து குரல் வரும். கால அட்டவணை மட்டும் இரண்டுக்கும் அச்சு அசல் ஒன்றே: ராத்திரி முழுக்க ஓட்டம், பொழுது விடியும்போது ஒரு ஊர், பகலெல்லாம் ஊர் சுற்றல், சாயங்காலம் மறுபடி ஏறு. தூங்கும் நேரத்தில் ஊரைக் கடப்பதால் லாட்ஜ் செலவு மிச்சம் என்ற தத்துவத்தைக் கப்பல் கம்பெனிகள் ஆயிரமாயிரம் கட்டில் போட்டுத்தான் நிறைவேற்றின. இங்கே அதைச் சாய்வு சீட்டிலேயே சாதித்துவிட்டார்கள். கழுத்துப் பிடிப்பு தனிக் கணக்கு.

அறை வகுப்பு விஷயத்துக்கு வருவோம். கப்பலில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு ஒரு விலை, கடல் தெரியும் அறைக்கு ஒரு விலை, பால்கனி வைத்ததற்கு இன்னொரு விலை. பஸ்ஸில் விலை ஒன்றுதான், எனவே வகுப்பைத் தீர்மானிப்பது வாந்தி. “எனக்குக் கொமட்டும் கண்ணு, நான் ஜன்னலோரந்தான்” என்று அம்மாயி ஒருத்தர் சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. “உக்காருங்க அம்மாயி, ஆருங்க உங்கள எந்திரிக்கச் சொன்னது?” என்று ஏற்பாட்டாளர் இடம் பிடித்துக் கொடுப்பார். உள்காதின் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் வயிறு குழம்புவதுதான் இந்தக் குமட்டல். கடலிலும் மலைப்பாதையிலும் காரணம் ஒன்றே. கப்பல்கள் இதற்காக அடிவயிற்றில் இரண்டு பக்கமும் துடுப்புபோல் நிலைப்படுத்திகளை நீட்டிக்கொள்கின்றன. பஸ்ஸில் மோந்து பார்க்க எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும்.

பாதுகாப்புப் பயிற்சி இன்னும் சுவாரசியம். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு உலக விதி மாறியது. 2015 முதல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ பயணிகளை ஒன்றுகூட்டி ஒத்திகை நடத்தியாக வேண்டும். வெண்ணந்தூர் டூரில் இந்த விதி எப்போதிருந்தோ அமலில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏற்பாட்டாளர் படியில் நின்று குரல் கொடுப்பார்: “அவங்கவங்க பக்கத்து சீட்டு ஆளு வந்துட்டாங்களான்னு பாத்துக்கங்க!” தலை எண்ணிக்கை ஒருபோதும் முதல் தடவையில் சரியாக வராது, ஏனென்றால் மடியில் உட்கார்ந்து வரும் குழந்தைகளை எண்ணுவதா வேண்டாமா என்பதில் டிரைவருக்கும் ஏற்பாட்டாளருக்கும் கொள்கை வேறுபாடு.

இதே இடத்தில் ஒரு முக்கியமான வேறுபாடும் தெரிகிறது. கப்பல் யாருக்காகவும் நிற்காது. நேரம் ஆனதும் ஏணியை எடுத்துவிடும், தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேரவேண்டியதுதான். டூர் பஸ்ஸால் அப்படிப் போகமுடியாது. கன்னியாகுமரியில் சிப்பி மாலைக்குப் பேரம் பேசப் போன பெரியப்பாவை விட்டுவிட்டுப் போனால் ஊரில் பொண்ணு கொடுக்க ஆள் இருக்காது. எனவே எல்லோரும் உட்கார்ந்து திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். அவர் வந்து ஏறியதும் திட்டு நின்று, மாலை என்ன விலை என்ற விசாரணை தொடங்கும். கடைவீதிச் சான்றுகள் தனி நூலுக்கு உரியவை. இராமேஸ்வரத்துச் சங்கு, திருச்செந்தூரில் பனங்கற்கண்டும் சில்லுக்கருப்பட்டியும், குமரியில் வண்ண மணல் பொட்டலம். கப்பலின் வரியில்லாக் கடையில் கிடைப்பது வாசனைத் திரவியமும் சாக்லேட்டும். எது வீட்டில் அதிக நாள் இருக்கும் என்று பார்த்தால் மணல் பொட்டலம்தான், அதை யாரும் பிரிப்பதில்லை.

பஸ் தண்ணீரில் மிதக்காதே என்று ஒரு மறுப்பு எழக்கூடும். நியாயமான மறுப்பு. ஆனால் கடலோடு யாருக்கு நெருக்கம் என்று பார்க்கவேண்டும். கப்பலில் போகிறவர் பத்து மாடி உயரத்திலிருந்து கடலைப் பார்க்கிறார், குளிப்பது மேல்தளத்து நீச்சல் குளத்தில். வெண்ணந்தூர்க்காரர் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோவிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீர் வாங்கி, ஈரத்துணியோடு பஸ் ஏறி, சீட்டில் உப்புத் தடம் பதிக்கிறார். பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் நடுவே வண்டி வேகம் குறையும்போது மொத்தக் கூட்டமும் ஒரு பக்கத்து ஜன்னலுக்குப் பாய்வதும், டிரைவர் கத்துவதும், கப்பல் மொழியில் சொன்னால் ஒரு பக்கச் சாய்வு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்கு இணைப்பு 72.5 மீட்டர். அது மேலே எழும்புவதைப் பார்க்கக் கிடைத்த பஸ் அடுத்த மூன்று ஊருக்கு வேறு பேச்சுப் பேசாது.

உண்மையான கப்பலேற்றமும் உண்டு. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு, கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்கு. பயணம் சில நிமிஷம். வரிசை சில மணி நேரம். கழுத்தில் மாட்டச் சொல்லும் உயிர்காப்பு அங்கி முந்தைய பயணியின் வேர்வையோடு ஈரமாக இருக்கும். பாட்டிமார் அதைப் புடவைக்கு மேல் விரல் நுனியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். 2024 டிசம்பர் 30-இல் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, கடல் கொந்தளித்தால் சிலைக்குப் படகு நிற்கும் பழைய ஏமாற்றம் குறைந்திருக்கிறது. கண்ணாடியில் காலை வைக்கத் தயங்குகிறவர்களின் ஏமாற்றம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இலவசப் பொருள் பற்றியும் ஒரு சான்று. வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-இல் தொடங்கித் தூத்துக்குடி–கொழும்பு வழியில் போட்டிக்கு வந்தபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கிக்கொண்டே போய்க் கடைசியில் இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது. தென்கடலில் பயணிக்குப் பரிசு கொடுத்து இழுக்கும் வழக்கம் அங்கே பதிவாகிறது. டூர் ஏற்பாட்டாளர் தரும் மஞ்சள் பையும் துண்டும் இந்த மரபில் வருபவை. கூட்டத்தைப் பொறுத்தவரை எந்தச் சொகுசுக் கப்பலும் ‘ரஜூலா’வுக்குப் பக்கத்தில் வரமுடியாது. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அந்தக் கப்பல் தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அதில் போன தமிழர்களை உல்லாசப் பயணி என்று யாரும் சொல்லவில்லை. படுக்கப் பாய் விரித்த இடமே அவர்களுக்கு அறை. சொகுசு என்ற சொல்லை ஆய்வில் எடுத்தாளும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கேளிக்கைப் பிரிவில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 2022-இல் எம்ப்ரஸ் விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வந்தபோது, கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்ற எதிர்ப்பால் அரசு அனுமதி கொடுக்கவில்லை. கடலிலேயே நின்றுவிட்டுச் சென்னைக்குத் திரும்பியது. டூர் பஸ்ஸின் பின்வரிசையில் துண்டை விரித்து நடக்கும் ரம்மியை எந்த மாவட்ட எல்லையிலும் யாரும் தடுத்ததில்லை. அடுத்த ஆண்டு அதே கப்பல் இலங்கைப் பக்கம் திரும்பியது. 2023 ஜூன் 16-இல் காங்கேசன்துறையில் துறைசேர்ந்தபோது யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது பெரிய செய்தி. அந்த ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்தே காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற பெயரோடு மறுபடி வந்தது. வேளாங்கண்ணி வரை போகிற வெண்ணந்தூர் பஸ்ஸுக்கு நாகப்பட்டினம் கூப்பிடு தூரம், பாஸ்போர்ட்தான் தூரம்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். தென்கரையைக் கடல் வழியாகச் சுற்றுவதில் நாமக்கல் மாவட்டத்தில் மிக அனுபவமுள்ள உயிர் மனிதன் அல்ல, முட்டை. இங்கத்திக் கோழிப்பண்ணை முட்டை குளிரூட்டிய பெட்டகத்தில் தூத்துக்குடித் துறைமுகம் போய், குமரி முனையைச் சுற்றி அரபிக் கடல் தாண்டி வளைகுடா நாடுகளுக்குப் போவது பல வருஷமாக நடக்கிற சங்கதி. ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் தனித்தனிக் குழி, சீரான குளிர், கையாள்கிறவர்களுக்குக் கவனம். சாய்வு சீட்டுக்காரர்கள் பொறாமைப்படலாம்.

சாப்பாட்டில் கப்பல் பெரியது என்பதை மறுப்பதற்கில்லை. தென்னிந்தியச் சமையல், ஜைனச் சமையல் எல்லாம் தனித்தனியாக வைக்கிறார்கள். ஆனால் கப்பலில் வீட்டுச் சமையல் ஏற விடமாட்டார்கள், அடுப்பு கூடவே கூடாது. கடையில் மூடி ஒட்டிய பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். ஆகவே பக்கத்து ஊர் ஆட்டையாம்பட்டி முறுக்கு பாக்கெட்டோடு தேர்ச்சி பெறும், சம்படத்தில் போட்ட அதிரசம் துறைமுகத்தோடு சரி. பஸ்ஸில் காலை நாலு மணிக்குத் திருச்செந்தூர் கல்யாண மண்டபத்து வாசலில் அண்டாவில் ரவை கிண்டும் சத்தத்தில்தான் பாதிப் பேர் கண் விழிப்பார்கள். முதல் தட்டு டிரைவருக்கு. கப்பலில் கேப்டனோடு ஒரே மேசையில் சாப்பிட அழைப்பு வந்தால் பயணிக்குப் பெருமையாம். இங்கே டிரைவரைச் சாப்பிட அழைக்கும் பொறுப்பு ஏற்பாட்டாளருடையது, கொஞ்சம் தாமதித்தால் அன்றைக்கு வண்டி எங்கும் நிற்காது.

கட்டணம் பற்றிய இயல் முடிவடையவில்லை. கப்பல் கம்பெனி டிக்கெட் விலைக்கு மேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று தனித்தனியாகக் கூட்டும். வெண்ணந்தூரில் பஸ் நின்று பாத்திரம் இறங்கிய பிறகு, டீசல் கணக்கு கொஞ்சம் கூடிப்போச்சு, தலைக்கு இன்னொரு நூறு ரூபாய் ஆகும் என்று ஏற்பாட்டாளர் மெதுவாக ஆரம்பிப்பார். அந்த நூறு ரூபாயின் கணக்கு விவரம் அவருடைய நீல அட்டை நோட்டில் இருக்கிறது. நோட்டை ஆய்வுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அடுத்த டூர் முடிந்த பிறகு.