ஐந்து பேர், இரண்டு அறை, ஒரு பீரோ

குடும்பம் பிரசவ வார்டில் மட்டும் பெருகுவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் போன மகள் "எனக்குத் தனி ரூம் வேணும்" என்று கதவை அறைந்து சாத்தும்போது ஓர் ஆள் கூடுகிறது. ஊரில் தனியாக இருந்த அம்மா மூட்டுவலியோடும் பித்தளை அண்டாவோடும் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அண்டாவையும் சேர்த்து, இரண்டு ஆள் கூடுகிறது. சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருந்துகொண்டு இதைச் சமாளிக்க வேண்டியவர்களுக்காகச் சில வழிமுறைகள்.

முதலில் டேப்பை எடுத்து வீட்டை அளந்துவிடுங்கள். பில்டர் சொன்ன சதுர அடியை நம்பாதீர்கள். அதில் லிஃப்ட், மாடிப்படி, வாட்ச்மேன் நாற்காலி போட்டிருக்கும் இடம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். லிஃப்டில் கட்டில் போட அசோசியேஷன் சம்மதிக்காது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு வாங்கிய வீடு என்றால், கார்ப்பெட் ஏரியா என்ற பெயரில் உண்மை அளவு காகிதங்களுக்குள் எங்காவது இருக்கும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏறக்குறைய 102 சதுர அடி, 81 சதுர அடி. விதியை எழுதியவர்கள் மனிதர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். பீரோவை மறந்துவிட்டார்கள்.

பீரோவைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடுவோம். அது உங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. அதில் பட்டுப்புடவை, ரேஷன் கார்டு, எல்ஐசி பாண்டு, கல்யாண ஆல்பம், அந்துருண்டை எல்லாம் இருக்கின்றன. சாவி எங்கே என்பது ஒருவருக்குத்தான் தெரியும். வாஸ்துப்படி அது தென்மேற்கு மூலையில் வடக்குப் பார்த்து நிற்க வேண்டும். கட்டிலில் தலை வடக்கே இருக்கக் கூடாது, ஆகவே கட்டிலும் தெற்குச் சுவரைத்தான் கேட்கும். சுவர் பத்தடி. பீரோ மூன்றடி, டபுள் காட் ஆறடி. மிச்சமிருக்கும் ஓர் அடியில் உங்கள் இல்லற வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம். சுவிட்ச் போர்டு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டதா? எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கிறது. கையை நுழைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பீரோவை வேறு அறைக்கு மாற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். கல்யாணமாகாதவர்களாக இருக்கும்.

அடுத்து, அம்மாவுக்கு இடம். இந்தக் கட்டத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். வந்து காப்பி குடித்து முடித்ததும் அம்மா சொல்வார்: "எனக்கு எதுக்குடா ரூமு? ஹால்ல ஒரு ஓரமா முடங்கிக்கிறேன்." இதைக் கேட்டு நிஜமாகவே ஹாலில் பாய் விரித்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்து வந்த மூன்று கல்யாணங்களிலும் ஒன்றுவிட்ட அத்தைகள் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். சரியான நடைமுறை இது: நீங்கள் மறுக்க வேண்டும், அவர் மறுக்க வேண்டும், மருமகள் சமையலறையிலிருந்து வந்து "அத்தை, நீங்க உள்ளதான் படுக்கணும்" என்று சொல்ல வேண்டும். மருமகள் சொல்லாதவரை முதலிரண்டும் செல்லாது. தவிர, வெஸ்டர்ன் டாய்லெட் பெரிய அறையோடுதான் ஒட்டியிருக்கிறது. மூட்டுவலி என்று வந்துவிட்டால் வாஸ்துவே இறங்கிவரும்.

ஆக, பெரிய அறை அம்மாவுக்கு. பீரோ நகராது என்பதால் அதுவும் அவரோடு இருக்கும். புடவை எடுக்கப் போகும் மனைவி இனி கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும்.

சின்ன அறை மகளுக்கு. மார்ச்சில் பொதுத்தேர்வு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மகனை அதே அறையில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏற்றலாம் என்று திட்டமிடுவீர்கள். மேல்தட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதைக் கட்டில் வாங்குவதற்கு முன்பே பார்ப்பது நல்லது. மகன் எப்படியும் ஒரு வாரத்தில் பாட்டியிடம் ஓடிவிடுவான், அங்கே கதை கிடைக்கும். மேல்தட்டில் ரெக்கார்டு நோட்டும் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும் வசதியாகப் படுத்துக்கொள்ளும்.

நீங்கள் ஹாலுக்கு வாருங்கள். பகலில் அது உங்கள் ஆபீஸ், மாலையில் சீரியல் அரங்கம், இரவில் படுக்கை. மீட்டிங்கில் பேசும்போது மிக்ஸி ஓடினால் பதற வேண்டாம், எதிர்முனையிலும் சட்னிதான் அரைகிறது. படுக்கப் போகும் நேரம் சீரியல் முடியும் நேரத்தைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்த புத்திசாலி வாசகர் ஒருவர், வீட்டுக்காரம்மாவுக்கு எந்த இடம் என்று கேட்கக்கூடும். வழிகாட்டிகள் பொதுவாக இதற்குள் போவதில்லை. அவருடைய தலையணை மகள் அறையில், புடவை மாமியார் அறையில், போன் சார்ஜர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால். யாருக்குக் காய்ச்சலோ அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். வீட்டுப் படத்தை எத்தனை முறை மாற்றி வரைந்தாலும் அவருக்கென்று ஒரு கட்டம் போட வேண்டியிருந்ததில்லை. அதனால்தான் திட்டம் இவ்வளவு சுலபமாக முடிகிறது.

நாள் பார்ப்பது தனி வித்தை. ஆடியும் மார்கழியும் ஆகாது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 முதல் 1.30 வரை, ராகு காலம் 4.30 முதல் 6 வரை. காலை ஒன்பதுக்கு வருகிறேன் என்ற ஆசாரி சரியாக 4.30க்குக் காலிங்பெல் அடிப்பார். ஆறு வரை அவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். அதன் பிறகு டிரில்லிங் போட அசோசியேஷன் விடாது.

பரணைக் காலிசெய்து இடம் பிடிக்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கொலு பொம்மைகள், குழந்தையின் வாக்கர், டிவி வாங்கியபோது வந்த தெர்மாகோல் பெட்டி, இப்போது அண்டா. எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, "இது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லித் திரும்ப ஏற்றுங்கள். முன்பு உள்ளே போனது இப்போது போகாது, அதுதான் பரணின் குணம். மிஞ்சியதை பால்கனியில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

கடைசியாக, வேண்டாமென்று ஆன பழைய கட்டில். விற்கப் பார்க்காதீர்கள், பழைய சாமான்காரர் சொல்லும் விலை மனத்தைப் புண்படுத்தும். இரவோடு இரவாக மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். அங்கே ஏற்கெனவே நாலைந்து கட்டில்கள் நிற்கும். அசோசியேஷன் செயலாளர் விசாரித்தால் எதிர் ஃபிளாட்காரருடையது என்று சொல்லிவிடுங்கள். எதிர் ஃபிளாட்காரர் உங்கள் பெயரை எப்போதோ சொல்லிவிட்டிருப்பார்.