பொன்னிச் சோறும் முக்கோணமும்: ஒரு புதுச்சேரி ஆய்வு

சோற்றை முக்கோணமாகப் பிடித்து, சோயா சாஸ் தடவி, தணலில் வாட்டித் தின்பது ஜப்பானியர் வழக்கம். யாகி ஒனிகிரி என்பார்கள். அதையே புதுச்சேரி வீட்டு அடுப்பில் செய்தால் முக்கோணம் ஏன் நிற்பதில்லை என்பதே இவ்வாய்வின் வினா. இதெல்லாம் ஒரு வினாவா என்போர், பர்னர் துளைக்குள் விழுந்த பருக்கையை ஊக்கால் நோண்டி எடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

முதலில் தொல்லியல். ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் 1987இல் கரிந்த சோற்றுருண்டை ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. வயது சுமார் 2,000 ஆண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் நம் அரிக்கமேட்டில் ரோமானியச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 1945இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலருக்கு மதுச்சாடிகளும் இத்தாலியச் சிவப்புத் தட்டுகளும் கிடைத்தன. மீனைப் புளிக்கவைத்த சாறு வந்த சாடிகளும் பிற்பாடு அடையாளம் காணப்பட்டன. ஆக, தொட்டுக்கொள்ள அன்றே வந்துவிட்டது. உருண்டைதான் வரவில்லை.

பிறகும் ஒரு வாய்ப்பு வந்து கைநழுவியது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்டே விடுதியை வடிவமைத்த ஆன்டனின் ரேமண்டுக்கு டோக்கியோவில் அலுவலகம். அங்கிருந்து ஜார்ஜ் நகஷிமா 1930களில் இங்கே வந்து தங்கி வேலையைக் கவனித்தார். காற்று வர அருமையான பலகைகள் வைத்தார்கள். ஊருக்கு அடுப்படிச் சேதி எதுவும் வரவில்லை.

'நம்ம அரிசி ஒட்டாதுங்க' என்று கடைக்காரர் சொல்வதை இக்கட்டுரை பாதிதான் ஏற்கிறது. பொன்னியின் குலமுறையைப் பாருங்கள். அது மலேசியாவின் மாசூரியிலிருந்து வந்தது. மாசூரி, மாயாங் எபோஸ் என்ற மலாய் நெல்லும் தைச்சுங் 65 என்ற நெல்லும் சேர்ந்து பிறந்தது. தைச்சுங் 65 ஜப்பானிய ஆட்சியில் தைவானில் உருவானது. அதன் தாய் தகப்பன் இரண்டும் ஜப்பான் நெல். வெள்ளைப் பொன்னி 1986இல் தமிழ்நாட்டில் வெளியிடப்பட்டது. முத்தியால்பேட்டையில் மதியம் சாம்பார் ஊற்றிப் பிசைகிற சோற்றுக்கு ஜப்பானில் மாமன் மச்சான் இருக்கிறார்கள்.

பின் ஏன் ஒட்டவில்லை? பொன்னியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல், ஆறினால் விறைக்கும். இது அரிசியின் குணம், போகட்டும். மீதி நாம் செய்வது. நெல்லை ஆலையில் ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்கும்போதே மாவுச்சத்து இறுகிவிடுகிறது. அப்புறம் வீட்டில் கஞ்சி வடிக்கிறோம். ஒட்டவேண்டிய பசை முழுவதும் வடிதட்டு வழியே போய்விடுகிறது. எதிர்ச்சான்று வேண்டுவோர் வெண்பொங்கலைப் பார்க்கலாம்: பச்சரிசி, வடிப்பதில்லை, கரண்டியை விட்டு இறங்க மறுக்கிறது.

எனவே செய்முறை: பொன்னிப் பச்சரிசியைக் களைந்து அரைமணி ஊறவைத்து, டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் வடிக்காமல் வேகவிடவும். ஆறவிடக் கூடாது. உப்புத் தண்ணீரில் கையை நனைத்து, சூட்டோடு அழுத்திப் பிடிக்கவும். உள்ளே வைக்க ஜப்பானியரின் கட்சுவோபுஷியைத் தேடி அலைய வேண்டாம். அது சூரைமீன், நம் மாசிக் கருவாடும் சூரைமீன். முதல் முறை கம்பி வலை வேண்டாம், தோசைக்கல் போதும். இரண்டு பக்கமும் காய்ந்து பொருக்குக் கட்டிய பிறகே சாஸ் தடவவும். அவசரப்பட்டு முன்பே தடவினால் சோறு ஊறிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும், சாஸ் கருகிக் கசக்கும். சரியாக வந்தால் மேலே அடிப்பிடித்த சோற்றின் மொறுமொறுப்பும் உள்ளே ஆவியும் இருக்கும்.

ஆய்வு நெறியாளரான பெரியம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "வெந்த சோத்த ஏன்டா மறுபடி வேகவைக்கிற?" இரண்டு தின்றார், ஊறுகாய் கேட்டார். ஏடு ஏற்கப்பட்டதாகக் கொள்கிறோம்.

முடிவு: முதல் குற்றவாளி வடிதட்டு, இரண்டாம் குற்றவாளி புழுங்கல். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கமுள்ள வீட்டார், உருண்டையா கஞ்சியா என்று பேசி முடித்துவிட்டு உலை வையுங்கள். ஒரே பானையில் இரண்டும் கிடைக்காது.