அஞ்சு நாளைக்கு நடிக்காதடா தம்பி

வாடா தம்பி, ஒக்காரு. மூஞ்சி ஏன் இப்படி உம்முன்னு இருக்கு? மூணு நாளா வெளிக்கு வரலன்னா எவன்தான் சிரிப்பான், அதுவும் சரிதான்.

என்னமோ டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்களாமே. தின்னது குடல்ல எவ்வளவு வேகமாப் போவுதுன்னு பாக்குற டெஸ்ட். அதுக்கு நீ பண்ற ஆர்ப்பாட்டத்தக் கெப்பாலா பத்தாஸ் பாசாரே வேடிக்க பாக்குது. பாட்டில்ல நல்ல கிருமியாம், டப்பாவுல பச்சப் பொடியாம், பொட்டலத்துல குடல் கழுவுற டீயாம். சம்பளத்த வயித்துக்குள்ள கொட்டியாச்சு. வயிறு அசஞ்சுச்சா?

"டெஸ்டுக்கு முன்னாடி வயித்தச் சுத்தம் பண்ணிடணும் தாத்தா"ங்கிறியே, எவன்டா சொன்னான்? கழுவிட்டுப் போறது கொலனோஸ்கோப்பிக்கு. அதுல குழாய விட்டு உள்சுவரப் பாப்பாங்க, சுத்தமாத்தான் இருக்கணும். இதுல பாக்குறது ஓட்டத்த. நீ பேதி மாத்திரயப் போட்டுட்டுப் போய் நின்னா, டாக்டர் பாக்குறது ஒன் குடலயா, அந்த மாத்திரயோட கெட்டிக்காரத்தனத்தயா?

அந்தக் காலத்துல தோட்டத்துக்குப் பெரிய தொர வர்றாருன்னா மொத நாளே கங்காணி லயத்துச் சாக்கடைய அள்ளச் சொல்லி, சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிடுவாரு. தொர வருவாரு, மூக்கப் பொத்தாம ஒரு நடை நடப்பாரு, "குட் குட்"னுட்டுக் காடி ஏறிடுவாரு. மறுவாரம் அதே நாத்தம். அப்புறம் யாருகிட்டப் போய்க் கேக்குறது? எல்லாம் நல்லா இருக்குன்னு அவருதான் எழுதிட்டுப் போயிட்டாரே! நீயும் அதத்தான்டா செய்யப் பாக்குற.

அந்த டீ பொட்டலத்தத் திருப்பிப் பாத்தியா? இந்த மாதிரி டீ பலதுல சென்னான்னு ஒரு எலை இருக்கும். நம்ம நிலாவரைடா அது! திருநெல்வேலிப் பேரச் சொல்லியே கப்பலேறி ஒலகம் பூரா போன பேதி எலை. ஒன் தாத்தன் ஊரு சரக்க, "நேச்சுரல்"னு சீட்டு ஒட்டினதும் நாப்பது வெள்ளி குடுத்து வாங்குற. பேதி மருந்து நிறுத்தச் சொன்னா இதயும் சேத்துத்தான் நிறுத்தணும், தெரியுமா?

டெஸ்ட் என்னமோ பெரிய விசயம்னு பயப்படாத. ஒரு மாத்திர தருவாங்க. உள்ள பொடிப்பொடியா பிளாஸ்டிக் வளையம், வழக்கமா 24. கரையாது, ஆனா எக்ஸ்ரேயில பளிச்சுன்னு தெரியும். முழுங்கிட்டு ஒன் வேலயப் பாரு. அஞ்சாம் நாளு ஒரு எக்ஸ்ரே. அஞ்சுக்கும் கம்மியா மிச்சம் இருந்தா ஓட்டம் சரி. பெருங்குடல் பூரா அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் செதறிக் கெடந்தா, குடலே சோம்பிக் கெடக்குதுன்னு அர்த்தம். எல்லாம் கீழ மலக்குடல் பக்கம் கும்பலாக் கெடந்தா, வர்றது வந்து சேந்திடுச்சு, விட வேண்டிய தசைதான் அந்த நேரம் பாத்து இறுக்கிப் பிடிக்குதோன்னு சந்தேகப்படுவாங்க. செதறிக் கெடந்தா மருந்து. கும்பலாக் கெடந்தா தசையப் பழக்குற பயிற்சி. இது தெரியாம வருசக்கணக்கா மாத்திர முழுங்கி என்ன புண்ணியம்? சில எடத்துல மூணு நாளு மூணு மாத்திர குடுப்பாங்க. ஒனக்குக் குடுத்த தாள்ல என்ன இருக்கோ அதான் சட்டம்.

பிளாஸ்டிக்கயா முழுங்கறதுன்னு மூக்கச் சுளிக்காத. 1969லயே லண்டன்ல ஹின்டன்னு ஒரு டாக்டரும் கூட்டாளிகளும் கண்டுபிடிச்சு எழுதுன வித்தை இது. போனதப் பையில பிடிச்சு, அதயே எக்ஸ்ரே எடுத்து எண்ணினாங்கடா! பர்க்கிட்னு ஒரு சர்ஜன், ரொம்ப வருசம் உகாண்டாவுல இருந்தவரு, 1972ல இதே வித்தைய வச்சுக் கணக்குப் போட்டாரு. உகாண்டா கிராமத்தான் தின்னது ஒண்ணர நாள்ல வெளிய வந்துச்சு. இங்கிலீஷ் கடற்படைக்காரனுக்கு மூணு நாளுக்கும் மேல ஆச்சு. கெழங்கும் பயறும் தின்னவன் ஜெயிச்சான். வெள்ள ரொட்டி தின்னவன் தோத்தான். நீ காலையில என்னா தின்ன? ரோத்தி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு. சரி, விடு.

ஆனா அதுக்காக எப்பவும் ரோத்தி தின்னவன் அந்த அஞ்சு நாளு மட்டும் கீரக்கட்டோட குடும்பம் நடத்தாத. எப்பவும் திங்கிறதத் தின்னு. நாரு கூட்டச் சொல்லியிருந்தா மட்டும் கூட்டு. பேதி மருந்து, ஆசனவாயில வைக்கிற மருந்து, எனிமா எதுவும் எக்ஸ்ரே முடியற வரைக்கும் கிட்ட வரக்கூடாது. எப்பலேருந்து நிறுத்தணும்னு டாக்டரயே கேளு. மத்த மருந்த ஒன் இஷ்டத்துக்கு நிறுத்தாத, பேர மட்டும் எழுதிக் காட்டு. இரும்புச்சத்து மாத்திரயும் வலி மாத்திர சிலதும் குடலக் கட்டும். தைராய்டு கொறஞ்சாலும் கட்டும். வயித்துல புள்ள இருக்கலாம்னு சந்தேகப்படுற பொம்பளப் புள்ளைங்க எக்ஸ்ரேக்கு முன்னாடியே சொல்லிடணும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்துகூடப் பிரியலன்னா, அஞ்சு நாளு ஆவட்டும்னு ஒக்காந்திருக்காத. எமர்ஜென்சிக்கு ஓடு. ரத்தம் போனாலும், காரணமில்லாம எள‌ச்சாலும் மறைக்காத.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. வெடியக்காலையில பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸப் பிடிக்க ஓடுறியே, பசியாறுனதும் குடல் கூப்பிடுமே, அந்த நேரம் நீ எங்க இருக்க? பினாங்குப் பாலத்துல, ஜாம்ல. 1985ல பாலம் தொறந்தப்போ அக்கரைக்குச் சீக்கிரம் போவலாம்னு சந்தோசப்பட்டோம். இப்ப ஒன் வயித்துக்கு அதான் வெனை. ஆத்திரத்த அடக்கினாலும் மூத்திரத்த அடக்காதேன்னு சொன்னவன் மத்ததச் சொல்ல வெக்கப்பட்டுட்டான் போல. நான் சொல்றேன். தெனமும் அடக்கினா குடலு கூப்பிடுறத நிறுத்திடும். அரமணி முன்னாடி எந்திரி. பசியாறிட்டுப் போய் ஒக்காரு. காலுக்குக் கீழ ஒரு முக்காலி போடு. ஃபோன வெளிய வச்சிட்டுப் போ. குந்தி ஒக்காந்த காலத்துல எவனும் அங்க சினிமா பாக்கல.

திங்கிற நாசி கண்டாரப் போட்டோ பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புற. அது எப்ப வெளிய வந்துச்சுன்னு டாக்டர் ஒருத்தருகிட்டச் சொல்லக் கூச்சமா? ஒரு நோட்டுல எழுது. எத்தன மணிக்கு, கெட்டியா எளக்கமா, முக்கினியா இல்லயா. கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு வெள்ளி குடுத்து ஒக்காந்துட்டு, "வயிறு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்"னு பூசி மொழுகிட்டு வராத. வாரத்துக்கு எத்தன தடவன்னு உள்ளத உள்ளபடி சொல்லு. ஒன் மானம் ஒண்ணும் போயிடாது. காலையிலேருந்து அவரு நாலு பேருகிட்ட அதத்தான்டா கேட்டுக்கிட்டு இருப்பாரு.