அசிரத்தையின் இலக்கணம்

மனிதன் சிரத்தையோடு செய்த காரியங்களைப் பற்றி வித்வான்கள் ஏராளமான கிரந்தங்கள் இயற்றியிருக்கிறார்கள். அசிரத்தையாகச் செய்ததுபோல் தோன்ற வேண்டுமென்று அவன் பெருஞ்சிரத்தை எடுத்துச் செய்த காரியங்களை மட்டும் யாரும் முறையாக ஆராயப் புகவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, கடைப் பலகைகளிலும் சுவரொட்டிகளிலும் துள்ளிக் குதித்து நிற்கும் தூரிகை எழுத்துருவை இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

1942-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்'டுக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு அப்பால் செல்வோம்; விஷயத்தின் ரசம் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில் இருக்கிறது. அந்நகரின் ஒலிவ் டைப் பவுண்டரிக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் என்பவர், 1953-இல் தம் சொந்தக் கையெழுத்தையே ஆதாரமாகக் கொண்டு 'மிஸ்த்ரால்' என்ற எழுத்தையும், 1955-இல், மை தோய்ந்த பருந்தூரிகையால் ஓங்கி அறைந்தாற்போன்ற 'ஷோக்' என்ற எழுத்தையும் சிருஷ்டித்தார். முன்னதற்கு வைத்தது, ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே மத்தியதரைக் கடலை நோக்கிச் சீறி வரும் வடகாற்றின் பெயர். பெயர்தான் காற்றே தவிர, வார்த்தது ஈயக் கலவையில். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டையில் நிற்க, ஒன்றின் வால் தன் கட்டையின் ஓரத்தில் எந்த உயரத்தில் முடிகிறதோ அதே உயரத்தில் அடுத்ததன் தலை தொடங்கினாலன்றி, சேர்த்தெழுதியது போன்ற தோற்றம் சித்திக்காது. மயிரிழை தவறினாலும் காற்று அங்கேயே அறுந்துபோகும்.

"எழுதிவைத்ததைத்தானே வார்க்கிறார்கள், இதில் சிரமம் என்ன?" என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்கள் ஆங்கிலத்தில் காபி என்று எழுதிப் பார்க்கட்டும். இரண்டு 'எஃப்', அவற்றையொட்டி இரண்டு 'ஈ'. கையால் எழுதும்போது முதல் 'ஈ'யின் வயிறு சற்றுப் பெருத்திருக்கும், இரண்டாவதில் மை வற்றி ஓரம் பிசிறடிக்கும். எழுத்துருவிலோ முதல் 'ஈ'யின் பிசிறு எவ்விடத்தில் உள்ளதோ அவ்விடத்திலேயே இரண்டாவதன் பிசிறும் உட்கார்ந்திருக்கும். தினந்தோறும் மேடையின் அதே பலகையில் தடுக்கி விழும் நாடகக் கோமாளியின் குட்டு இப்படித்தான் வெளிப்படுகிறது. இதற்கு 'இரட்டை தோஷம்' என்று நாமகரணம் செய்கிறோம். ரோமன் லிபியில் எக்ஸ்கோஃபோன் தம் பெயரை எழுதினாலும் அடுத்தடுத்து இரண்டு 'எஃப்' வந்து நிற்பதை வாசகர் சிந்திப்பாராக.

தோஷத்துக்குப் பரிகாரமும் உண்டு. மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து 1996-இல் அறிவித்த 'ஓப்பன்டைப்' முறையில், ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உருவங்களை வரைந்து வைத்து, பக்கத்தில் எது வந்தால் எதை இடுவது என்று விதியும் எழுதிவிடலாம். ஆக, தூரிகை எங்கே தவறி வழுக்க வேண்டும் என்பதற்கும் சூத்திரம் ஏற்பட்டாயிற்று! அசிரத்தையை இவ்வளவு தூரம் சாஸ்திரமாக்கிய வேறொரு கலையை யாம் அறியோம்.

கடைவீதியில் இத்தகைய பலகை எதிர்ப்பட்டால், வாசகர்கள் இரட்டித்து வரும் எழுத்தைத் தேடி இந்த ஆராய்ச்சியைத் தாமே பரிசோதித்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம், அவர் பலகைக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது.