பழைய பாஸ்போர்ட்டின் உயிருள்ள பக்கம்

பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருஷம் ஆயுள் என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கடைசி ஆறு மாதத்தைப் பல நாடுகள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, காசு பத்து வருஷத்துக்கு, பயணம் ஒன்பதரை வருஷத்துக்கு. உள்ளே ஒட்டியிருக்கும் விசாவுக்கோ தனி ஜாதகம். புத்தகத்துக்கு முன்னாலும் முடியும், பின்னாலும் முடியும். முன்னால் முடிந்தால் தொல்லையில்லை, ஊருக்குத் திரும்பிவிடலாம். பின்னால் முடிகிற ஜாதகக்காரர்கள் பாடுதான் பாடு.

என் அக்கா வீட்டுக்காரர் அந்த ஜாதகம். மச்சான் கப்பலில் இன்ஜினியர். அமெரிக்கத் துறைமுகத்தில் கரையிறங்கக் கப்பல்காரர்களுக்கு சி-1/டி என்று ஒரு விசா வேண்டும். இந்தியர்களுக்குப் பத்து வருஷம்வரை கொடுக்கிறார்கள். கப்பல்காரன் பாஸ்போர்ட் அவ்வளவு காலம் தாங்குமா? துறைமுகத்துக்குத் துறைமுகம் குத்திய முத்திரையில் பக்கமெல்லாம் தீர்ந்து, பாதியிலேயே புதுப் புத்தகம் வாங்க வேண்டியதாயிற்று. விசா பழையதிலேயே தங்கிவிட்டது. அமெரிக்காக்காரன் அதை எடுத்துப் புதியதில் ஒட்டித் தரமாட்டான். 'விசா கிழியாமல் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுவா, நீயே பிய்த்து ஒட்டினால் செல்லாது' என்பது அவர்கள் சட்டம். ஆகவே மச்சான் இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, லீவுக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

தூத்துக்குடியில் பீரோவுக்குள் எதுவும் பத்திரமில்லை. ஒரு பக்கம் கடல், சுற்றிலும் உப்பளம். பூட்டிய கதவுக்குள்ளும் காற்று உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கப்பலேறும் நேரத்தில் எடுத்துப் பார்த்தால், ரப்பர் பேண்ட் இளகிப் பிசினாகி அட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. அக்கா தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். பிசின் போனது. கூடவே பொன்னெழுத்தும் கொஞ்சம் போனது. சிங்கங்கள் பிழைத்தன. கீழே 'சத்யமேவ' தப்பித்தது. 'ஜயதே' போயே போய்விட்டது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் சரியா இருக்கு" என்றார்.

எனக்கு வாய்த்தது துபாய் ஸ்டிக்கர். ஒரு பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டிருக்கும். என் போட்டோ, ஸ்பான்சர் பெயர், முடிவுத் தேதி எல்லாம் அதில் உண்டு. தொழில் என்ற இடத்தில் 'ஆர்க்கைவ்ஸ் கிளார்க்' என்று போட்டிருக்கும். நான் பார்த்தது ஷிப்பிங் கிளியரிங் வேலை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கற்றுக்கொண்டு ஜெபல் அலியில் காசாக்கிய வித்தை அது. ஆவணக் காப்பகம் எதையும் நான் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வளைகுடாவில் விசாவில் உள்ள தொழிலும் ஆள் பார்க்கிற தொழிலும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்படுவார்கள். எங்கள் மெஸ்ஸில் சாம்பார் வைத்தவர் விசாப்படி மார்பிள் மேஸ்திரி. சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் விசாவை நம்பினார்கள்.

விசா முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது, பாஸ்போர்ட் முடியப்போகிறது. ஜூலை 26இல் பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அதற்குள் ஊரில் நிற்காவிட்டால் அம்மா போனில் பேசமாட்டாள். பேசினாலும் ஒப்பாரியாகத்தான் இருக்கும். ஆகவே துபாயிலேயே புதுப்பிக்க விண்ணப்பம் போட்டேன்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்புவதில் நாங்கள் எல்லோருக்கும் முந்தியவர்கள். 1530களில் போர்த்துக்கீசியர் வந்து முத்துக்குளித்துறைப் பரதவரை ஞானஸ்நானம் பண்ணியபோதே பெர்னாண்டோ, மோத்தா, கொரைரா, ரோச் என்று அந்தக் கட்டத்துக்கான விடையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்படி ஒரு கட்டம் வரும் என்று அவர்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. பக்கத்து இருக்கையில் கோவில்பட்டிக்கார அண்ணாச்சி ஒருவர் தவித்துக்கொண்டிருந்தார். பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று. குடும்பப் பெயருக்கு எங்கே போவார்? கட்டத்தைக் காலியாக விட்டால் விமான டிக்கெட்டில் வம்பு. பிற்பாடு 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவே கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்பா பெயரைப் போட்டால் வேறு வம்பு. அண்ணாச்சி அப்பா பெயரைத்தான் போட்டார். அன்றிலிருந்து ஆபீஸில் அத்தனை பேரும் அவரை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "எங்கய்யா பேரைச் சொல்லி மேனேஜர் ஏசும்போது கையெடுத்துக் கும்பிடத் தோணுது தம்பி" என்றார்.

என் பெயருக்கும் தொல்லை இல்லாமலில்லை. கவுண்டரில் இருக்கிற பிலிப்பைன்ஸ் பெண் பெர்னாண்டோ என்று படித்ததும் 'கபாயன்' என்று ஊர்க்காரனைக் கண்ட மாதிரி சிரிப்பாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை எடுத்துவிடுவாள். சிங்களவர்கள் கொழும்பில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். ஒரு கட்டம் நிரம்பிய சந்தோஷத்துக்கு இவ்வளவும் கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் நீட்டுகிற நேரம் இருக்கிறதே, அது கொஞ்சம் நெஞ்சடைக்கிற நேரம். ரத்து முத்திரை குத்தி, அட்டையின் மூலையை வெட்டித்தான் திருப்பித் தருவார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "சார், உள்ளே விசா இருக்கு, விசா இருக்கு" என்று குடமுழுக்கில் கோவிந்தா போடுகிற சுருதியில் சொல்லிக்கொண்டே இருந்தார். குமாஸ்தா தலை நிமிராமல், "எல்லார்கிட்டயும்தான் இருக்கு" என்றார். வெட்டினார். மூலை விழுந்தது. விசாப் பக்கம் தப்பித்தது. புதுப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழையதன் எண், கொடுத்த தேதி, இடம் மூன்றையும் அச்சடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

அடுத்து, ஸ்டிக்கரைப் புதுப் புத்தகத்துக்கு மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி. துபாய்த் தமிழர்கள் அப்போது இதில் இரண்டு கட்சி. 'காசை ஏன் கெடுக்கிறாய், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போ' என்பது ஒரு கட்சி. 'ஏர்போர்ட்டில் எவனாவது ஒருத்தன் பழையதைப் பார்க்கமாட்டேன் என்று முறுக்கினால் என்ன செய்வாய்' என்பது இன்னொன்று. கராமா மெஸ்ஸில் மீன்குழம்பு ஆறுகிறவரை இந்த வாதம் நடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்றினாலும் விசா ஒரு நாள்கூட நீளாது. அதே தேதிதான். கட்டணம் மட்டும் புதிது.

நான் மாற்றுகிற கட்சியில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. முடிவு பண்ணியது கம்பெனியின் பி.ஆர்.ஓ. அரபியில் மந்தூப் என்பார்கள். கைக்கடியில் ஒரு பை நிறையப் பாஸ்போர்ட்டோடு காலையில் இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவர். அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் கடற்கரையில் இந்த உத்தியோகம் ரொம்பப் பழையது. கடல்கட்டி என்று பெயர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடக்கும்போது மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. குளியாட்கள் பலரும் கத்தோலிக்கர்கள், கழுத்தில் ஜெபமாலை உண்டு. இருந்தாலும் கடல்கட்டி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைத் தூக்கிக்கொண்டு போன வெள்ளைக்கார அரசாங்கம், மந்திரத்தை நம்பாவிட்டாலும் மந்திரவாதியை ஒதுக்கவில்லை. 1890இல் தூத்துக்குடிக் குளிப்பில் ஒருவரைச் சுறா கடித்துவிட்டது. ஜனங்கள் கலங்கிப்போய் ஒரு மந்திரக்காரியை அமர்த்தினார்கள். பயம் போய்விட்டது. ஆனால் சுறா மறுபடியும் கடித்தது. நல்ல காற்று, தெளிந்த தண்ணீர், சிப்பிக்கு நல்ல விலை என்று எல்லாம் கூடி வந்தும் குளிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று என்று சென்னை மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். கடைசிக் குளிப்பு 1961இல் முடிந்தது. அதன் பிறகு கடல்கட்டிகள் எங்கே போனார்கள் என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை. மந்தூப்பைப் பார்த்த அன்று தேவையும் இல்லாமல் போயிற்று.

மந்தூப் முதலில் என்னை டைப்பிங் சென்டருக்கு அனுப்பினார். துபாயில் அப்போது அரசாங்கத்தோடு பேச வேண்டுமென்றால் டைப்பிங் சென்டர் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது. அங்கே மலையாளச் சேட்டன் ஒருவர், நாம் வாய் திறப்பதற்குள் அரபியில் பாதி அடித்து முடித்துவிடுவார். பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் நகல் இரண்டையும் வாங்கி, "போட்டோ?" என்றார். புதிதாக எடுத்ததைக் கொடுத்தேன். ஒரு முறை என்னைப் பார்த்தார். ஒரு முறை பழைய ஸ்டிக்கரைப் பார்த்தார். பழையதில் இருந்தவனுக்கு நெற்றிவரை முடி. "மாறிப் போயி அல்லே?" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் புதியதை ஒட்டிக்கொண்டார்.

ஸ்டிக்கர் புதுப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது. தொழில் பழையபடி ஆர்க்கைவ்ஸ் கிளார்க். திருவிழாவுக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாக ஊர் போய்ச் சேர்ந்தேன். தூத்துக்குடிக்கு வாகைக்குளத்தில் விமான நிலையம் உண்டு, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. வெளிநாட்டு விமானத்தைத்தான் இன்னும் காணோம்.

அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் புரியவில்லை. அவளுடைய அப்பா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். "எங்க அய்யா பொஸ்தகமா கொண்டுபோனாரு? காலைல கருப்பட்டியைக் கொண்டுபோவாரு, வரும்போது தேங்காண்ணெய் சோப்பு கொண்டு வருவாரு" என்றாள். உண்மைதான், 1906இல் வ.உ.சி. கொழும்புக்குக் கப்பல் விட்ட காலத்தில் இரண்டு கரையும் ஒரே வெள்ளைக்காரனுடையது. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. ஏழைகளுக்கு மட்டும் அப்போதும் சோதனை இருந்தது: இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் நிறுத்தி நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். 1948இல் இலங்கை குடிவரவு குடியகல்வுச் சட்டம் கொண்டுவந்த பிறகு மற்றவர்களுக்கும் புத்தகம் வேண்டியதாயிற்று.

அந்தக் கடல்வழி 2011 ஜூனில் மறுபடியும் திறந்தது. 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடியது. என் சித்தப்பா, கப்பலில் போயே தீருவேன் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். போலீஸ் விசாரணை முடிந்து புத்தகம் கைக்கு வந்தபோது நவம்பர். கப்பலை நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷமும் அந்தப் புத்தகம் ஒரு முத்திரைகூட வாங்காமல் கன்னி கழியாமலே காலாவதியானது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற நாங்கள், மாற்றுவதற்கு விசா இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது ஸ்டிக்கர் காலமே முடிந்துவிட்டது. கத்தார் 2015இல் நிறுத்தியது, குவைத் 2019இல். அமீரகம் 2022 ஏப்ரலில் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதை விட்டுவிட்டு எமிரேட்ஸ் ஐடி அட்டையே போதும் என்று சொல்லிவிட்டது. பிரிட்டனிலும் அட்டை போய் இ-விசா வந்துவிட்டது. இனிமேல் பாஸ்போர்ட் மாறினாலும் தொல்லையில்லை என்று மெஸ்ஸில் கொண்டாடினார்கள். கொண்டாட ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் போனாலும் எண் போகவில்லை. உங்கள் விசா பழைய பாஸ்போர்ட் எண்ணோடு கம்ப்யூட்டரில் படுத்திருக்கும். நீங்கள் புது எண்ணோடு ஏர்போர்ட்டில் நிற்பீர்கள். முன்பாவது பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டலாம். கம்ப்யூட்டருக்கு எதைக் காட்டுவது?

ஆகவே பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறவர்கள் கவனிக்க: கையில் உயிருள்ள விசா இருந்தால் விண்ணப்பம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மூலை வெட்டிய பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க விசா என்றால் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள், அதைப் பிய்க்காதீர்கள். சவூதி என்றால் அப்ஷர் இணையதளத்திலும், பிரிட்டன் என்றால் குடிவரவுத் துறைக் கணக்கிலும் புது எண் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மந்தூப் ஏற்றிவிட்டேன் என்று சொன்னாலும் பாருங்கள். அதன் பிறகு டிக்கெட் போடுங்கள்.