எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: 2004 சுனாமி பற்றி என் மகள் பாடசாலைச் செயற்றிட்டம் செய்கிறாள். அந்த அலையை நேரில் கண்டவன் நான். நானே எழுதிக் கொடுத்தால் என்ன?
– ஒரு தந்தை, தம்பிலுவில்

பதில்: பரீட்சை மண்டபத்துக்கும் நீங்கள்தான் போவீர்களா? பேட்டி கொடுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள்! கடல் எதுவரை வந்தது என்று நடந்து காட்டுங்கள்; அளப்பதும் வரைபடத்தில் குறிப்பதும் அவள் வேலை. அயலில் உள்ள முதியவர்களிடம் கூட்டிப் போங்கள், கேள்வியை அவளே கேட்கட்டும்.

பிள்ளை தானே படித்தது எவ்வளவு உதவும் என்று பாருங்கள்: நீங்கள் அலையைக் கண்ட அதே டிசம்பர் 26 அன்று, தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் நின்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை வைத்து, சுனாமி வருகிறது என்று கத்தினாள். தகப்பன் அவள் சொன்னதைக் காவலாளியிடம் சொன்னார். சுமார் 100 பேர் உயிர் தப்பினார்கள்.