ஆசன அறவியல்: நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் வலிக்கும் வசூலுக்கும் உள்ள தொடர்பு

எட்டுப் பேர் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வருவதால், எங்கோ ஒரு குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்கு எப்படிப் பணம் சேருகிறது என்பதை அறிவுலகம் இன்னும் விளக்கவில்லை. சைக்கிளுக்கும் இதயத்துக்கும் நேரடி உறவு கிடையாது. நடுவில் ஏதோ ஒன்று ரூபாயாக மாறுகிறது. அது பெடலா, கொடியா, பின்னால் வரும் வேனில் கட்டிய பேனரா? சீட்டுத்தான் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். சீட்டு என்று இங்கே சொல்வது சைக்கிளின் சீட்டையும் அதன்மேல் அமர்வதையும் சேர்த்து. முதலாவதைச் சைக்கிள் கடைக்காரர்களும் இரண்டாவதை மூலநோய் மருத்துவர்களும் ஏற்கெனவே ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

முன்னோடிகளை முதலில் பார்த்துவிடுவது ஆய்வு மரபு. அவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல வசதியாக இருக்கும். 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் புற்றுநோய் ஆய்வுக்காகச் சிலரைக் கூட்டிக்கொண்டு மாநிலத்தின் குறுக்கே சைக்கிள் மிதித்தார். மொத்தம் 36 பேர். வசூல் 10,200 டாலர். பான்-மாஸ் சேலஞ்ச் என்ற அந்தப் பயணம் ஆண்டுதோறும் நடந்து, 2024இல் அதன் மொத்த வசூல் நூறு கோடி டாலரைத் தாண்டியது. 1983இல் ஹார்வர்டு மாணவர் டான் பல்லோட்டா சக மாணவர்களோடு சியாட்டிலில் புறப்பட்டு, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரையான பாஸ்டன் வரை, பட்டினி ஒழிப்புக்காக மிதித்தார். அதே ஆள் 1994இல் கலிஃபோர்னியாவில் எய்ட்ஸ் நிதிக்காகச் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏழு நாள் பயணம் தொடங்கினார். இவர்கள் எல்லாரும் எத்தனை மைல், எத்தனை டாலர் என்று சுத்தமாகக் கணக்கு வைத்தார்கள். இரவு உணவை எத்தனை பேர் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

நம் நாட்டில் இத்துறையின் மூலநூல் என்று சொல்லத்தக்கது 1985 டிசம்பரில் கன்னியாகுமரியில் புறப்பட்ட பாபா ஆம்தேயின் ‘பாரத் ஜோடோ’. பெண்களும் ஆண்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், சுற்றி வளைத்து 5,000 கி.மீ.க்கு மேல் சைக்கிள் மிதித்துக் காஷ்மீர் போனார்கள். நோக்கம் வசூல் அல்ல, நாட்டு ஒற்றுமை. அப்போது எழுபதைக் கடந்திருந்த ஆம்தேவுக்கு முதுகெலும்புத் தேய்மானம். நிற்கலாம், படுக்கலாம், உட்கார முடியாது. ஆகவே வண்டியில் படுத்தபடியே கூடப் போனார். நாடறிந்த சைக்கிள் பயணத்தை உட்காரவே முடியாத ஒருவர் நடத்தியது நம் கொள்கைக்குச் சான்றா, எதிர்ச்சான்றா என்று பட்டிமன்றம் வைக்கலாம். சான்று என்றே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இனி களம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு, லூதியானா, டெல்லி, ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று இறங்கிக் குமரியில் முடிகிறது. சுமார் 3,700 கி.மீ. நாளொன்றுக்கு 110 கி.மீ. மிதித்தால், ஓய்வு நாளும் சேர்ந்து ஐந்து வாரம் ஆகும். அத்தனை நாளும் உடலின் எடையில் பெரும்பங்கை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முண்டுகள் தாங்க வேண்டும். நாற்காலியில் தொடையும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். சைக்கிளில் தொடைக்கு வேறு வேலை இருக்கிறது.

புதியவர் இந்தப் பிரச்சினையைக் காசால் தீர்க்கப் பார்க்கிறார். கடைக்குப் போய், ஜெல் நிரப்பிய சீட் கவரை விரலால் அமுக்கிப் பார்த்து, பஞ்சு போலிருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கி வருகிறார். விரலுக்கும் அவர் எந்த உறுப்புக்காக வாங்குகிறாரோ அதற்கும் உள்ள வேறுபாடு பானிபட்டில் தெரியவருகிறது. மெத்தென்ற சீட்டில் எலும்பு உள்ளே அமுங்கிவிட, பாரம் முழுவதும் சுற்றியிருக்கும் மென்தசையில் இறங்குகிறது. கெட்டியான சீட்டே நெடுந்தூரத்துக்கு நல்லது என்று அனுபவசாலிகள் புறப்படும் முன்பே சொல்லியிருப்பார்கள், அவர் சிரித்திருப்பார். அடுத்தது பேட் வைத்த அரைக்கால் சட்டை. அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். குழுவில் எல்லாருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் புதிதாக வந்தவரிடம், அதுவும் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம், இதை யார் வாய்விட்டுச் சொல்வது? அவராகக் கண்டுபிடித்துக்கொள்கிறார். பிறகு மூன்று நாள் பெடலின் மேல் எழுந்து நின்றபடியே ஓட்டுகிறார். பார்ப்பவர்கள் அதை வேகம் என்று நினைக்கிறார்கள்.

வலி இருப்பது உறுதியாயிற்று. அது எப்படிப் பணமாகிறது? கிறிஸ்டோஃபர் ஒலிவோலா, எல்டர் ஷஃபிர் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நற்பணிக்காக விருந்து வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்கள், ஐந்து மைல் ஓட வேண்டும் என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கொடுப்பதைவிட ஓடிக் களைத்துக் கொடுப்பதற்கே மக்கள் அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். தாமே ஓடும்போது தாமே கொடுப்பதைப் பற்றிய ஆய்வு அது. அடுத்தவர் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்த்து நாம் கொடுப்பதற்கும் அதை நீட்டியிருப்பது இக்கட்டுரையின் துணிச்சல். அந்த இருவரும் பொறுப்பல்ல.

தமிழருக்கு இதற்காக அமெரிக்க ஆய்வு தேவையில்லைதான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர் பஸ் இருப்பது தெரியாமல் நடக்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறிப் பழனியில் இறங்கினால் முருகன் தரிசனம் தர மறுக்கப்போவதில்லை. ஆனாலும் கொப்புளம் வந்த காலோடு மலை ஏறுபவருக்கு வழியில் மோரும் சோறும் தரும் ஊர், பஸ்ஸில் போனவருக்குத் தருவதில்லை. காஷ்மீர் சைக்கிள்காரர் இந்த மரபின் வாரிசு. ஒரே வித்தியாசம், இவருக்குக் கொப்புளம் வெளியே காட்டக்கூடிய இடத்தில் இல்லை.

இக்குறையை அவர்கள் எப்படி ஈடு செய்கிறார்கள் என்பதைத் தொப்பூர்க் கணவாய்க்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் பார்க்க முடிந்தது. எட்டுப் பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார்கள். கடைக்காரர் பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டார்.

“உக்காருங்க தம்பி.”

“பரவால்லைங்கண்ணா.”

“எங்கிருந்து வர்றீங்க?”

“காஷ்மீர்லேர்ந்துங்க.”

“சைக்கிள்லயேவா? எதுக்கு?”

“குழந்தைங்க ஆபரேஷனுக்குக் காசு சேர்க்கறோம்ணா.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “அதுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?”

பதில் வரவில்லை. வடையும் டீயும் போயின. பெஞ்சு காலியாகவே இருந்தது. எட்டுப் பேரும் காலைச் சற்று அகட்டி, ஆளுக்கொரு தூணையோ சுவரையோ பிடித்துக்கொண்டு நின்று குடித்தார்கள். ஒருவர் மட்டும் மறதியாகப் பெஞ்சில் அமரப் போய், பாதியிலேயே எழுந்துகொண்டார். கடைக்காரரின் பார்வை பெஞ்சின் மேலும் அவர்கள் மேலும் மாறி மாறிப் போயிற்று. காசு கொடுக்க நீட்டிய கையைத் தள்ளிவிட்டார். “வச்சுக்கிட்டு அந்தப் புள்ளைங்களுக்குக் குடுங்க.”

ஃபோன் பண்ணியிருந்தால் இது நடந்திருக்காது. காலிப் பெஞ்சுதான் சாட்சி.

அதே கடையில் அதே நேரத்தில் இன்னொரு சைக்கிளும் நின்றது. கேரியரிலும் இரு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களை ஆளுயரத்துக்குக் கட்டிய பழைய வண்டி. ஓட்டி வந்தவர் தினமும் அந்த மேட்டில் ஏறி இறங்குபவர். அவரும் நின்றுதான் டீ குடித்தார். குடித்ததும் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் வாங்கிக் கல்லாவில் போட்டார். இக்கட்டுரையின் முதன்மை விதி இங்கேதான் கிடைத்தது: தேவையில்லாத வலிக்கே நன்கொடை. வயிற்றுப்பாட்டுக்காகப் பெடல் மிதிப்பவரின் ஆசனம் எவ்வளவு காய்த்துப் போயிருந்தாலும் அதன் வசூல் மதிப்பு சுழி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2020 மே மாதம், ஊரடங்கில், 15 வயதுச் சிறுமி ஒருத்தி காயம்பட்ட தந்தையைப் பின்னால் உட்காரவைத்துக் குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை சுமார் 1,200 கி.மீ. சைக்கிள் ஓட்டினாள். செய்தி உலகமெல்லாம் போயிற்று, பாராட்டும் உதவியும் தேடி வந்தன. ஆனால் அதே வாரங்களில் அதே நெடுஞ்சாலைகளில் சைக்கிளில் ஊர் திரும்பிய எண்ணற்ற தொழிலாளர்கள் விதியின்படியே போய்ச் சேர்ந்தார்கள்.

குழுவாகப் போவது சீட்டுக்கு நல்லதா என்ற கேள்வி அடுத்து எழுகிறது. பெல்ஜியக் காற்றியல் பேராசிரியர் பெர்ட் ப்ளாக்கன் 2018இல், 121 பேர் நெருக்கமாக ஓட்டும் பந்தயக் கூட்டத்தின் நடுவில் இருப்பவர்மேல் காற்றுத் தடை தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று காட்டினார். அறவியல் நோக்கில் இது ஆபத்தான கண்டுபிடிப்பு. நடுவில் ஒளிந்து வந்தவர் வாங்கிய நன்கொடையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரும். நல்லவேளை, நற்பணிப் பயணங்களில் யாரும் அவ்வளவு ஒழுங்காக ஓட்டுவதில்லை. ஒருவர் செல்ஃபி எடுக்கிறார், ஒருவர் கரும்புச் சாற்றுக்கு ஒதுங்குகிறார், எட்டுப் பேரும் எட்டு கி.மீ.க்குப் பரவி விடுகிறார்கள். வலி முழுசாகக் கிடைக்கிறது.

பஞ்சர் மட்டும் வலிக்கு விடுமுறை. நாமக்கல் லாரிகளின் ஊர். அந்தப் பக்கம் சாலையோரத்தில் வெடித்த லாரி டயர்களின் கருந்தோல் கிடக்கும். அதிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி தலைமுடி அளவு மெலிசு. டியூபைக் கழற்றி, டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டினால் ஓரிடத்தில் சுருக்கென்று தைக்கும். அதை நகவெட்டியால் பிடித்து இழுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த மைல்கல்லில் மறுபடி உட்கார வேண்டும். ஒருவர் இதைச் செய்ய, ஏழு பேர் சுற்றி நின்று யோசனை சொல்கிறார்கள். “அடடா” என்கிறார்கள். அந்த அடடாவை நம்ப வேண்டாம். அரைமணி நேரம் நிற்கக் கிடைத்த ஆனந்தம் அது.

பின்னால் வரும் வேன் சிக்கலான பொருள். மேட்டில் முடியாமல் வேனில் ஏறிப் பத்து கி.மீ. கடந்தவர், அந்தப் பத்து கி.மீ.க்கான நன்கொடையை வைத்துக்கொள்ளலாமா? வேன் சீட்டிலும் அவருக்கு உட்கார முடியவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம் என்பது எம் தீர்ப்பு.

செலவுவாதிகளின் மறுப்பையும் கேட்டுவிடுவோம். வேன், தங்கும் அறை, ஒரே நிறச் சட்டை, சாப்பாடு என்று செலவழிப்பதை நேரே மருத்துவமனைக்கு அனுப்பலாமே என்பது அவர்கள் கேள்வி. நிர்வாகச் செலவு அதிகம் என்ற குற்றச்சாட்டுப் பல்லோட்டாவின் நிறுவனத்தையும் சுற்றி வந்தது. 2002இல் அது மூடப்பட்டது. சாப்பாட்டுக் கணக்கு உண்மையிலேயே பெரிதுதான். நாளொன்றுக்கு 110 கி.மீ.க்குச் சுமார் 3,000 கலோரி என்று கொள்வோம். இட்லிக்கு 50 கலோரி என்றால் ஆளுக்கு 60 இட்லி. எட்டுப் பேருக்கு 35 நாளில் 16,800. பஞ்சாபில் பராத்தா தின்றாலும் அலகு இட்லியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த எட்டுப் பேர் வீட்டிலேயே இருந்து, 16,800 இட்லியின் விலையை மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்களா? செலவுவாதிகள் இந்த இடத்தில் மௌனமாகி விடுகிறார்கள்.

கடைசி நாள் காற்றின் கையில். ஆனி ஆடியில் வந்தால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் சைக்கிளைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். முப்பந்தலின் காற்றாலைகள் அதற்காகத்தான் அங்கே நிற்கின்றன. மார்கழியில் வருபவர்களுக்கு இந்தப் பேறு இல்லை. குமரியில் மாலை, பொன்னாடை, அட்டையில் பெரிதாக அச்சிட்ட காசோலை, குழுப் படம். படத்தில் முன்வரிசைக்கு நாற்காலி போட்டிருந்தாலும் அவர்கள் பின்வரிசையில் போய் நின்றுகொள்வதைத் தன்னடக்கம் என்று நாளிதழ்கள் தவறாக எழுதுகின்றன.

திரும்பும் பயணம் தனி ஆய்வுக்குரியது. வடக்கே போக வேண்டியவர்கள் சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு ஹிமசாகர் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள். அதே தூரம், ஏறக்குறைய மூன்று நாள். ஐந்து வாரப் புண்ணோடு மூன்று நாள் ரெக்சின் சீட்டில் போவதற்கு நன்கொடை கேட்டு இதுவரை யாரும் நோட்டீஸ் அடித்ததில்லை. வீடு திரும்புவது தேவையான வேலையாயிற்றே. முன்பதிவில் மட்டும் எட்டுப் பேரும் மேல் பர்த் கேட்கிறார்கள். பகலிலும் குப்புறப் படுத்துக்கொண்டு போக அது ஒன்றுதான் தோது.